பதற்றமும் மனச்சோர்வும் கூட இருக்கும்போதே வாழத் தொடங்குவது எப்படி: ஏற்பு, மனவிழிப்புச் சிகிச்சைக்குப் புதியவர்களுக்கு

பதற்றம் அடங்கட்டும், அப்புறம் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறேன். மனசு சரியாகட்டும், அப்புறம் நண்பர்களைப் பார்க்கிறேன் என்று காத்திருக்கும் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு வாரக்கணக்காகி, மாதக்கணக்காகி, கடைசியில் அறையை விட்டு வெளியே வருவதே பெரிய வேலையாகிவிடுகிறது. பதற்றமும் சோர்வும் முழுசாக விலகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, அவை கூடவே இருக்கும்போதே வாழ்க்கையை மறுபடி கையில் எடுக்கலாம், அதற்கென்று பழகிக்கொள்ளக்கூடிய முறைகள் இருக்கின்றன. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. இருபதுகளின் தொடக்கத்தில் ஏற்பு, மனவிழிப்புச் சிகிச்சை வழியாக வந்தவள், அவ்வளவுதான். ஆனால் தொடங்குவதற்கு முன்னால் யாராவது நம் மொழியில் இதையெல்லாம் விளக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

உங்களுக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. 2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருக்கிறது. 2019இல் அது 2.3 விழுக்காடாக இருந்தது. நான்கே ஆண்டில் இரண்டு மடங்கு.

முதலில் பாதுகாப்பு

கீழே உள்ள பயிற்சிகளைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்றோ, உங்களைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வருகிறதா? வந்தால் இந்தக் கட்டுரை அப்புறம். உடனே ஒரு மனிதரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970இலிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது, எந்த நேரமும் கூப்பிடலாம்: 03-7627 2929. பினாங்கிலும் இதே பெயரில் ஓர் அமைப்பு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 999, அல்லது பக்கத்தில் இருக்கும் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது, அந்தப் பயம் இனி வேண்டாம்.

அந்த அளவுக்கு இல்லையென்றாலும் ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு கோளாறு, ரத்தசோகை மாதிரி உடம்புப் பிரச்சினைகளும் இதேபோல் படபடப்பையும் சோர்வையும் கொடுக்கும், அதை ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்துகொள்ள முடியும். அங்கே பெரும்பாலும் இரண்டு கேள்வித்தாள்களைக் கொடுப்பார்கள். பி.எச்.கியூ-9 மனச்சோர்வுக்கு, ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 புள்ளிகள். ஜி.ஏ.டி-7 பதற்றத்துக்கு, ஏழு கேள்விகள், மொத்தம் 21. இரண்டுமே கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்றுதான் கேட்கும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டர் கொஞ்சம் கூர்ந்து கவனிப்பார். அந்த எண் மட்டுமே நோயை முடிவு செய்யாது, ஆனால் ஒரு மாதம் கழித்து மறுபடி போட்டுப் பார்க்கும்போது எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று காட்டும். குறித்து வையுங்கள்.

இந்தச் சிகிச்சை என்ன செய்கிறது

ஏற்பு அடிப்படையிலான சிகிச்சையைச் சுருக்கமாக ஆக்ட் என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980களில் உருவாக்கத் தொடங்கினார்கள். ஹேய்ஸே திடீரென்று கடும் பயம் தாக்கும் பேனிக் அட்டாக்கால் தவித்தவர், அதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். இந்த நிமிஷத்தில் நடப்பதைக் கவனிக்கும் மனவிழிப்புப் பயிற்சியை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஸின், 1979இல், மாசசூசெட்ஸில், எட்டு வார வகுப்பாக. அதிலிருந்து கிளைத்த இன்னொரு எட்டு வார முறை, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். பயம், துக்கம், கெட்ட எண்ணங்கள் எல்லாம் வருவது மனித மனத்தின் இயல்பு. அவை வந்ததால் மட்டும் வாழ்க்கை சுருங்குவதில்லை. அவை வரவே கூடாது என்று நாம் நடத்துகிற போராட்டமும், அவை வரக்கூடிய இடங்களையெல்லாம் தவிர்ப்பதும்தான் வாழ்க்கையைச் சுருக்கிவிடுகின்றன. அதனால் இந்தச் சிகிச்சையில் மூன்று வேலைகள் நடக்கும்: உள்ளே வருவதற்கு இடம் கொடுப்பது, இந்த நிமிஷத்துக்குத் திரும்பி வருவது, உங்களுக்கு முக்கியமானதைச் செய்வது. மூன்றும் சேர்ந்தால்தான் பலன். மூச்சுப் பயிற்சியை மட்டும் செய்துவிட்டு மீதியை விட்டுவிட்டால் அதுவும் இன்னொரு தப்பிக்கும் வழியாகிவிடும்.

எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைவிட இது உயர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆய்வுகளைப் பார்த்தால் இரண்டுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. உங்கள் ஊரில் நல்ல சிபிடி நிபுணர் கிடைத்தால் தாராளமாகப் போங்கள்.

தொடக்கம்: ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் பார்ப்பது

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். செந்தூலில் இருக்கும் 23 வயதுப் பையன். முதல் வேலை, பாங்சார் சவுத்தில். தினமும் செந்தூல் தீமூரில் ரயில் ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் மாறி, கெரிஞ்சியில் இறங்க வேண்டும். திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் ஆங்கிலத்தில் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்பதால் ஞாயிறு மத்தியானத்திலிருந்தே வயிறு பிசைகிறது, இரவில் தூக்கமில்லை, மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கும்போது நெஞ்சு படபடக்கிறது, அப்படியே எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்து வீட்டுக்குத் திரும்பி வந்து எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துவிடுகிறான்.

வீட்டுக்குத் திரும்பிய அந்த நிமிஷத்தில் அவனுக்குக் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. அதனால்தான் மறுபடியும் அதையே செய்யத் தோன்றுகிறது. நோட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பதற்றமோ சோர்வோ வரும்போது நான் என்ன செய்கிறேன், அப்போதைக்கு அது என்ன கொடுத்தது, ஒரு மாதத்தில் என்ன பிடுங்கிக்கொண்டது. எம்.சி. எடுப்பது, ஃபோனை சைலண்டில் போட்டுவிட்டு நண்பர்களின் செய்திகளைத் திறக்காமல் இருப்பது, விடிய விடிய ரீல்ஸ் பார்ப்பது, பீர், நோய் அறிகுறிகளைக் கூகுளில் தேடிக்கொண்டே இருப்பது, அம்மாவிடம் ‘எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது, எல்லாவற்றையும் எழுதுங்கள். உங்களைத் திட்டிக்கொள்வதற்காக எழுதச் சொல்லவில்லை. இத்தனை வழிகளில் நீங்கள் முயன்றிருக்கிறீர்கள், சோம்பேறித்தனத்தால் இப்படி ஆகவில்லை, முயன்ற வழிதான் பலிக்கவில்லை என்று கண்ணால் பார்ப்பதற்காக.

இதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

கால் ஊன்றும் பயிற்சி

பதற்றம் தலைக்கேறும்போது செய்ய வேண்டியது இது, ஆனால் பதற்றம் இல்லாதபோதே பழகியிருக்க வேண்டும். இரண்டு பாதங்களையும் தரையில் நன்றாக அழுத்துங்கள். உள்ளே இருப்பதைச் சொல்லுங்கள், மனசுக்குள்தான்: ‘நெஞ்சு அடிக்கிறது, கை வியர்க்கிறது, ஓடிவிட வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது.’ அப்புறம் உடம்பை மெதுவாக அசையுங்கள், தோளை உருட்டுங்கள், விரல் நுனிகளைச் சேர்த்து அழுத்துங்கள். கடைசியாகச் சுற்றிலும் பாருங்கள்: கண்ணில் படுவது ஐந்து, காதில் விழுவது மூன்று. ரயிலில் என்றால் அடுத்த நிறுத்தத்தின் அறிவிப்பு, ஏசிக் காற்று, எதிரில் நிற்பவரின் பை. இதையே மூன்று நான்கு தடவை திரும்பச் செய்யுங்கள்.

படபடப்பு நிற்கவில்லையே என்று உடனே கேட்பீர்கள். நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்யவில்லை. படபடப்பு உங்களை இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றாமல், கால் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்கிறோம். சில நாள் தானாகவே அடங்கும், சில நாள் அடங்காது, இரண்டுமே பயிற்சிதான். புதிதாக வருபவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் இவ்வளவு சொல்கிறேன்.

எண்ணத்தை எண்ணமாகப் பார்ப்பது

‘நான் உதவாக்கரை’ என்று மனம் சொல்லும்போது அது ஒரு செய்தி அறிக்கை வாசிப்பதுபோல் அப்படியே உண்மையாக ஒலிக்கும். அதோடு வாதம் பண்ணாதீர்கள், நல்ல எண்ணத்தைப் போட்டு அதை அமுக்கவும் வேண்டாம். ‘நான் உதவாக்கரை என்ற எண்ணம் இப்போது வருகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் ‘நான் உதவாக்கரை என்ற எண்ணம் வருவதை நான் கவனிக்கிறேன்’ என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கும் அந்த வாக்கியத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விழும். இன்னொரு முறையும் உண்டு, நூறு வருஷத்துக்கும் முன்பே உளவியலாளர்கள் கவனித்தது: ஒரே சொல்லை வாய்விட்டு வேகமாக அரை நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்தால் அது வெறும் ஓசையாகிவிடும். ‘தோல்வி’ என்ற சொல்லை அப்படிச் சொல்லிப் பாருங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. யாரோ செத்துப்போன துக்கத்திலும், உண்மையிலேயே உங்களுக்கு நடந்த கொடுமையிலும் மட்டும் இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள், அதற்கு அழுகையும் பேச்சும்தான் வேண்டும்.

வீட்டில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன சில வாக்கியங்கள் நமக்கு உண்டு. ‘அக்கா பையனைப் பாரு.’ ‘உன் வயசுல நான் குடும்பத்தையே தூக்கி நிறுத்தினேன்.’ சொன்னவர் பக்கத்தில் இல்லாதபோதும் அது உள்ளே ஓடும். அதற்கு ஒரு பெயர் வையுங்கள், ‘அக்கா பையன் கதை’ என்று. அது வரும்போது, ‘சரி, அக்கா பையன் கதை வந்திருக்கு’ என்று சொல்லிவிட்டுக் கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள்.

உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, பொறுத்துப்போவது அல்ல

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்றுக்கொள் என்றவுடனே நம் ஆட்களுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ‘பொறுத்துப் போ, எல்லாம் தலையெழுத்து’ என்றுதான் காதில் விழும். அது இது இல்லை. இங்கே ஏற்கச் சொல்வது உடம்புக்குள் இந்த நிமிஷம் இருக்கிற உணர்ச்சியை மட்டும். சம்பளம் தராத முதலாளியையோ, கையை ஓங்குகிற அண்ணனையோ, மிரட்டுகிற காதலனையோ ஏற்கச் சொல்லவே இல்லை. சொல்லப்போனால், பயத்துக்கு உள்ளே இடம் கொடுக்கத் தெரிந்தவரால்தான் பயந்துகொண்டே எழுந்து நின்று ‘இது சரியில்லை’ என்று சொல்ல முடியும், புகார் கொடுக்க முடியும், வீட்டை விட்டு வெளியேற முடியும். வீட்டில் அடி உதை இருந்தால் 15999 என்ற தாலியான் காசிஹ் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அதுதான் அங்கே செய்ய வேண்டியது.

செய்முறை இதுதான். உட்கார்ந்துகொள்ளுங்கள். கண்ணை மூடுவது பயமாக இருந்தால் தரையில் ஓர் இடத்தைப் பாருங்கள். பதற்றமோ துக்கமோ உடம்பில் எங்கே இருக்கிறது? தொண்டையிலா, மார்பிலா, வயிற்றிலா? எவ்வளவு பெரிசு, சூடா, அழுத்தமா, அசைகிறதா? டாக்டர் கேட்டால் விவரிப்பது மாதிரி விவரியுங்கள். அந்த இடத்தைச் சுற்றி மூச்சு போய்வரட்டும். ‘எனக்கு நீ இருப்பது பிடிக்கவில்லை, ஆனாலும் கொஞ்ச நேரம் இருந்துகொள்’ என்று சொல்லலாம். மூன்று நிமிஷம் போதும். முதல் வாரத்திலேயே அரை மணி நேரம் உட்காரப் பார்க்காதீர்கள்.

எச்சரிக்கை ஒன்று. பழைய வன்முறை, பாலியல் துன்புறுத்தல், விபத்து போன்றவை மனசில் கிடப்பவர்களுக்கும், எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாத அளவு சோர்வில் இருப்பவர்களுக்கும், கண்ணை மூடி உள்ளே கவனிப்பது நிலைமையை மோசமாக்கலாம். பழைய காட்சிகள் வந்தாலோ, உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தாலோ உடனே நிறுத்திவிட்டுக் கால் ஊன்றும் பயிற்சிக்கு வந்துவிடுங்கள். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பகுதியை நிபுணர் ஒருவரோடு மட்டும் செய்யுங்கள்.

தினசரி மனவிழிப்பு

இதற்குத் தனி அறை, பாய், ஊதுவத்தி எதுவும் தேவையில்லை. செய்கிற வேலையிலேயே செய்யலாம். காலையில் பசியாறும்போது முதல் ஐந்து வாய் ஃபோன் இல்லாமல். குளிக்கும்போது தண்ணீர் தோளில் விழுவதை மட்டும். பினாங்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகள் இருக்கின்றன, 513 படிகள், பாதம் படியில் படுவதையும் மூச்சு வாங்குவதையும் மட்டும் கவனித்துக்கொண்டு ஏறலாம். தாவரவியல் பூங்காவும் பக்கத்திலேயே இருக்கிறது. கோலாலம்பூர் என்றால் தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஒரு நடை. மனசு ஓடும், ஓடியதைக் கவனித்துத் திரும்பக் கூட்டிவருவதுதான் பயிற்சி, ஐம்பது தடவை ஓடினால் ஐம்பது தடவை கூட்டிவாருங்கள்.

மனவிழிப்புப் பயிற்சியின் வேர் பௌத்தத்தில் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் கிளினிக்குகளில் சொல்லித்தரும் முறையில் மந்திரமோ வழிபாடோ கிடையாது. முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் தயங்காமல் செய்யலாம். மூச்சைக் கவனிப்பது சங்கடமாக இருந்தால் காதில் விழும் ஓசைகளைக் கவனியுங்கள்.

முக்கியமானது எது என்று கண்டுபிடிப்பது

என் பார்வையில் இந்தச் சிகிச்சையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘உனக்கு என்ன பிடிக்கும்’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லை’ என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. அதனால் வேறு மாதிரி கேளுங்கள். இந்தப் பதற்றம் எதைப் பற்றி? மீட்டிங்கில் பேசப் பயப்படுகிற அந்தப் பையனுக்கு வேலையில் அக்கறை இல்லாவிட்டால் பயமே வந்திருக்காது. தனிமை வலிக்கிறது என்றால் மனிதர்கள் உங்களுக்கு முக்கியம். வலிக்கிற இடத்தில் தேடுங்கள், நீங்கள் மதிப்பது அங்கேதான் இருக்கும்.

அடுத்து, அது உங்களுடையதா என்று பாருங்கள். ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்பதற்காகச் செய்வது ஒன்று, யாருமே பார்க்காவிட்டாலும் செய்ய விரும்புவது இன்னொன்று. பட்டம் வாங்குவது, பதவி உயர்வு, கல்யாணம் எல்லாம் இலக்குகள், முடிந்தால் முடிந்தது. நேர்மையாக இருப்பது, தம்பி தங்கைக்கு ஆதரவாக இருப்பது, கற்றுக்கொண்டே இருப்பது, உடம்பைக் கவனிப்பது, இவற்றுக்கு முடிவு கிடையாது, இன்றைக்கே அதில் ஒரு துண்டைச் செய்ய முடியும். குடும்பம் முக்கியம் என்று எழுதினால் அதுவும் நல்ல விடைதான். மேற்கத்திய முறை என்பதற்காகக் குடும்பத்தைத் தூக்கிப்போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் சின்னதாக ஓர் அடி. அடுத்த 24 மணி நேரத்துக்குள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்க வேண்டும். ‘நண்பர்களோடு பழகணும்’ என்பது போதாது. ‘வியாழன் இரவு எட்டு மணிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் ஒரு நண்பனோடு ஒரு தே தாரிக், அரை மணி நேரம்’ என்பது அடி. செந்தூல் பையனுக்கு முதல் அடி மீட்டிங்கில் பேசுவது அல்ல, மஸ்ஜித் ஜாமெக்கில் எதிர்ப்பக்கம் போகாமல் கெரிஞ்சிவரை போவது. அடுத்த வாரம் மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்பது. படபடப்பு கூடவே வரும், வரட்டும். எதையும் செய்ய மனசில்லாத நாளிலும் அடி எடுத்து வைக்க வேண்டும், ஏனென்றால் மனச்சோர்வில் ஆசை வந்து அப்புறம் செயல் வருவதில்லை, செயல் தொடங்கிய பிறகுதான் ஆசை எட்டிப் பார்க்கும். செய்ய முடியவில்லை என்றால் அடியைப் பாதியாக்குங்கள், அதுவும் முடியவில்லை என்றால் இன்னும் பாதி.

உதவி எங்கே, எவ்வளவு செலவு

தனியாகவே எல்லாவற்றையும் செய்ய முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் ஆக்ட் முறையை வைத்துப் படங்களோடு ஓர் இலவசக் கையேடும் ஒலிப்பதிவுகளும் வெளியிட்டிருக்கிறது, தொடங்குவதற்கு நல்லது. ஆனால் அறிகுறிகள் வேலையையோ படிப்பையோ தொடும் அளவுக்குப் போய்விட்டால் ஓர் ஆள் வேண்டும்.

மலிவான வழி அரசாங்க கிளினிக், அதாவது கிளினிக் கெசிஹாத்தான். குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒரு ரிங்கிட். அங்கே டாக்டரிடம் சொன்னால் தேவைப்படும்போது மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். கோலாலம்பூர் மருத்துவமனை, செராஸில் இருக்கும் யூ.கே.எம். மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்காகக் கடிதத்தைப் பைக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல மையங்கள் செலாயாங் உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன, வேலைக்குத் திரும்பவும் உதவுவார்கள். பல்கலைக்கழக மாணவராக இருந்தால் உங்கள் வளாகத்திலேயே ஆலோசனைப் பிரிவு இருக்கும், முதலில் அங்கே போங்கள். தனியாரிடம் போனால் ஒரு தடவைக்குச் சில நூறு ரிங்கிட்வரை ஆகலாம். மருத்துவ உளவியல் முதுகலை நடத்தும் சில பல்கலைக்கழகங்களில் பயிற்சி மாணவர்கள் மேற்பார்வையோடு குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

யாரிடம் போனாலும் கேட்க வேண்டியவை: உங்கள் பதிவு எண் என்ன, ஆலோசகர் என்றால் 1998 ஆலோசகர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா, ஆக்ட் அல்லது மனவிழிப்பு முறையில் பயிற்சி எங்கே எடுத்தீர்கள், தமிழில் பேசலாமா. கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஆங்கிலத்திலும் மலாயிலும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கும் வலியைச் சொல்லும்போது வீட்டில் பேசுகிற மொழிதான் வாயில் வரும். தமிழ் தெரிந்தவர் கிடைக்கவில்லை என்றாலும், அழுகை வரும் இடத்தில் தமிழில் சொல்லிவிட்டு அப்புறம் விளக்குங்கள், நல்ல நிபுணர் காத்திருப்பார்.

மாத்திரை எழுதிக்கொடுத்தால் அது இந்தச் சிகிச்சைக்கு எதிரி இல்லை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். 25 வயதுக்குட்பட்டவர்கள் மனச்சோர்வு மாத்திரை தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகமாகிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும், வீட்டில் ஒருவரிடம் இதைச் சொல்லி வையுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

வீட்டில் சொல்வது

18 வயது ஆகிவிட்டால் கிளினிக்குக்குப் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் ஒரே வீட்டில் இருக்கும்போது மறைப்பது பெரிய பாரம். நம் ஆட்களிடம் மனசு சரியில்லை, டாக்டரைப் பார்க்கணும் என்றால் முதலில் ஞாபகம் வருவது தஞ்சோங் ரம்புத்தான்தான். 1911இலிருந்து அங்கே இருக்கிற மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம், அதில் சேர்ந்து குணமானவர்களின் குடும்பத்தார் எத்தனை பேர் இதைக் கேட்டுக் கூசியிருப்பார்கள். அதனால் நோயின் பெயரில் தொடங்காமல் கண்ணுக்குத் தெரிவதில் தொடங்குங்கள். ‘அம்மா, ரொம்ப நாளா எனக்குத் தூக்கமே சரியா இல்ல. சாப்பாடு இறங்கல. வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு அடிச்சுக்குது. டாக்டரைப் பார்க்கப் போறேன், நீங்க கூட வந்தா எனக்குத் தைரியமா இருக்கும்.’ இவ்வளவு போதும். அம்மாவிடம் முடியாது என்றால் சித்தி, மாமா, பெரியக்கா, யாராவது ஒருவர்.

கோயிலுக்குப் போகலாம், பூசை போடலாம் என்று சொன்னால் சண்டை வேண்டாம், போய்விட்டு வாருங்கள், கிளினிக் தேதியையும் விடாதீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், கிளினிக்கை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘எதுக்கு பயம், உனக்கு என்ன குறை வச்சோம்’ என்று கேட்காதீர்கள். பிள்ளைக்குப் பதில் தெரியாது, குற்ற உணர்ச்சிதான் கூடும். பக்கத்தில் உட்காருங்கள், ‘சொல்லு, கேட்கிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். கெரிஞ்சிவரை போய் வந்த நாளில் அதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

முதல் சந்திப்பு

அடையாள அட்டையான ஐ.சி., இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், முன்பு போட்டுப் பார்த்த கேள்வித்தாள் புள்ளிகள், அந்த நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அரசாங்க கிளினிக் என்றால் காலையிலேயே போய் எண் எடுத்துவிடுங்கள். உள்ளே போனதும் பேச்சு வராமல் போகலாம், அதற்காக மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டு அதைக் காட்டினாலும் போதும். முதல் சந்திப்பு பெரும்பாலும் கேள்வி பதிலாகத்தான் போகும், தூக்கம், சாப்பாடு, குடும்பத்தில் யாருக்காவது முன்பு இருந்ததா, போதைப்பொருள், சாகும் எண்ணம் என்று. எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்லுங்கள். சிகிச்சை வழக்கமாக வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்குள். மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் அவரோடு ஒட்டவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லி வேறு ஒருவரைக் கேட்கலாம், அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். வெளியே வருவதற்கு முன் கவுண்டரில் அடுத்த தேதியைப் போட்டு வாங்கிவிடுங்கள்.